கப்பலின் காது

கடலில்,
8 பிப்ரவரி 1942

மார்லோ கோவ் மாதர் சங்கத்தாருக்கு,

உங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்து திரியும் கப்பலிலிருந்து வணக்கம். நீங்கள் அனுப்பிய நான்கு பெட்டிகளும் நனையாமல் வந்து சேர்ந்தன. கப்பலில் என் கையெழுத்துதான் பார்க்கும்படி இருக்கிறதாம். அதனால் நன்றிக் கடிதம் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

காலுறைகளுக்கு நன்றி. நீலப்பெர்ரி ஜாமுக்கு இரண்டு மடங்கு நன்றி. அது மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. கையுறைகளைப் பற்றித்தான் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. குறை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள், ஆனால் ஒவ்வொன்றும் எனக்கு முழங்கை வரை வருகிறது. எங்கள் சமையல்காரர் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, "ஏம்பா, அந்த ஊர்ல மனுஷங்க இருக்காங்களா, இல்ல கரடிங்களா?" என்று கேட்டார். அளவு குறித்துக் கொடுத்தவர் யாரோ தப்பாகக் குறித்திருக்க வேண்டும். அடுத்த முறை பாதி அளவில் பின்னினாலே போதும். கம்பளியும் மிச்சமாகும்.

நான் சஸ்காச்சுவான் கோதுமைக் காட்டுக்காரன். பத்தொன்பது வயதுவரை மாடு தண்ணீர் குடிக்கும் குட்டையைவிடப் பெரிய நீரைப் பார்த்ததில்லை. இப்போது நாலாபக்கமும் அதுதான்.

நன்றியுடன்,
ஒரெஸ்ட் ஹல்சுக்
மாலுமி, 'மார்லோ கோவ்' காவல் கப்பல்


மார்லோ கோவ்,
24 பிப்ரவரி 1942

ஒரெஸ்ட் தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சங்கக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தோம். பதினான்கு பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தக் கையுறைகளைப் பின்னிய கரடிகளில் நானும் ஒருத்தி.

அளவில் தவறே இல்லை, தம்பி. உங்கள் கப்பலில் கடலோரத்துப் பிள்ளை ஒருவன்கூடக் கிடையாதா? அதைக் கடல்தண்ணீரில் முக்கு. நல்ல தண்ணீரில் அல்ல, உப்புத் தண்ணீரில். பிறகு தளத்தில் போட்டு மிதி. பிழி. கொதிக்கிற தண்ணீரில் முக்கு. மறுபடியும் மிதி. பத்துப் பன்னிரண்டு தடவை இப்படிச் செய்தால் சுருங்கிப் பலகை மாதிரி கெட்டிப்பட்டு உன் கை அளவுக்கு வந்து நிற்கும். முக்கியமான விஷயம், அதைக் காயவைத்துப் போடாதே. ஒவ்வொரு முறையும் கடல்நீரில் நனைத்துப் பிழிந்து ஈரத்தோடு போடு. முதல் நிமிடம் என்னைத் திட்டுவாய், பிறகு திட்டமாட்டாய். என் வீட்டுக்காரர் எப்ரம் முப்பத்தொரு வருஷம் மீன்பிடித்தது இந்த ஈரக் கையுறையில்தான். இப்போது அவருக்கு விரல் மடங்குவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற படகுக்கெல்லாம் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, லீமன். இருபது வயது. சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றுபோலத் தெரியும் என்று கடற்படை அவனைத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுவாரமே இரும்புத் தாது ஏற்றும் கப்பல் ஒன்றில் ஏறிவிட்டான். சண்டைக்கு நிறம் பார்க்கிறவர்களுக்குக் கல் சுமக்கக் கண் தேவையில்லையாம்.

மிதித்த பிறகு எழுது.

இப்படிக்கு,
ஹெஸ்டர் கார்க்கம்


கடலில்,
30 மார்ச் 1942

ஹெஸ்டர் அம்மாவுக்கு,

தோற்றேன். கையுறைகள் வென்றன. தளத்தில் நாங்கள் ஆறு பேர் வரிசையாக நின்று கையுறை மிதிப்பதைப் பார்த்துக் கேப்டன், "என்னடா இது, திராட்சை ரசமா பிழியறீங்க?" என்றார். போன வாரம் பனியும் அலையும் சேர்ந்து அடித்தபோது அவரே ஆளனுப்பி ஒரு ஜோடி கேட்டு வாங்கிக்கொண்டார். சமையல்காரர் உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

எங்கள் வேலை பேப்பரில் வருகிற மாதிரி இல்லை. சரக்குக் கப்பல்கள் கூட்டமாக மெதுவாகப் போகும். நாங்கள் ஆட்டு மந்தையைச் சுற்றும் நாய் போல முன்னும் பின்னும் ஓடவேண்டும். அதற்குமேல் எழுதினால் வெட்டு விழும். எங்கள் கடிதத்தையெல்லாம் எங்கள் லெப்டினன்டே படித்துக் கத்தியால் வெட்டித்தான் அனுப்புகிறார். (வணக்கம், சார்.) என் சொந்த வேலை காதால் செய்வது என்று மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

என் அம்மாவுக்கு உக்ரேனிய எழுத்து மட்டும்தான் தெரியும். அதைப் படித்துப் பார்க்க இங்கே ஆளில்லாததால் என் கடிதம் ஊருக்குப் போய்ச் சேர இரண்டு மாதம் ஆகிறது. அதனால் உங்களுக்கு எழுதுவது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. லீமன் எப்படி இருக்கிறான்?

அன்புடன்,
ஒரெஸ்ட்


மார்லோ கோவ்,
19 ஏப்ரல் 1942

அன்புள்ள ஒரெஸ்ட் தம்பிக்கு,

உன் கடிதம் இரண்டு ஜன்னலோடு வந்தது. வெட்டியவர் கோடு பிசகாமல் வெட்டியிருக்கிறார். நல்ல தையல்காரராக வருவார்.

உன் வேலை என்னவென்று எப்ரம் கண்டுபிடித்துவிட்டார். "தண்ணிக்கு அடியில சத்தத்த அனுப்புவாங்க, எதுலயாச்சும் பட்டுத் திரும்பி வந்தா இந்தப் பையன் கேட்டுச் சொல்லுவான், நீர்மூழ்கியா இல்லையான்னு" என்கிறார். நீ ஆமாம் என்றும் எழுதாதே, இல்லை என்றும் எழுதாதே.

இப்போது ஒன்று கேட்கப்போகிறேன். இப்படிக் கேட்பது சரியில்லை என்று எப்ரம் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். லீமனின் கப்பலுக்கு மஞ்சள் புகைபோக்கி, அதில் ஒரு கறுப்புப் பட்டை. முன்பக்கக் கம்பம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பெயரை எழுதமாட்டேன். பஞ்சு ஏற்றிய கப்பல் அடிபட்டால் மிதந்து மிதந்து மூழ்கும். தாது ஏற்றிய கப்பல் ஒரு நிமிடம்கூட நிற்காதாம். படகு இறக்க நேரம் இருக்காது. தண்ணீரில் விழுந்தவனை யாராவது வந்து தூக்கினால்தான் உண்டு.

நீங்கள் எங்கள் ஊர்க் கப்பல். உங்கள் காவலில் அந்த மஞ்சள் புகைபோக்கி என்றாவது வந்தால், அதற்கு ஏதாவது ஆனால், என் பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்று எனக்கு ஒரு வார்த்தை எழுது. அது போதும். நான் தூங்குவேன்.

உன்
ஹெஸ்டர் அம்மா


கடலில்,
17 மே 1942

அன்புள்ள அம்மாவுக்கு,

பார்த்துவிட்டேன்! மஞ்சள் புகைபோக்கி, கறுப்புப் பட்டை, சாய்ந்த கம்பம். காலையில் எங்களுக்கு மிக அருகில் வந்தது. நான் தளத்துக்கு ஓடிப்போய் என் கையுறையைத் தூக்கி ஆட்டினேன். அங்கே ஓர் ஒல்லிப் பையன் ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தான். பிறகு தன் கையுறையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினானே பாருங்கள்! அவனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். காது கொஞ்சம் பெரியதுதானே, அம்மா? அப்படியென்றால் அவன்தான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: விட்டுவிட்டுப் போகமாட்டோம். எப்ரம் ஐயாவிடம் சொல்லுங்கள், கேட்டது தவறில்லை என்று.

ஒரெஸ்ட்


மார்லோ கோவ்,
21 ஜூன் 1942

அன்புள்ள ஒரெஸ்டுக்கு,

லீமன் நான்கு நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போனான். கையுறை ஆட்டியது அவன்தான். காதைப் பற்றி நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அவன் காது மட்டும் என்ன, அதுக்குத்தான் சம்பளமே வாங்கறான்" என்றான். உனக்குத் தன் சலாமைச் சொல்லச் சொன்னான். சண்டை முடிந்து நீ இங்கே வந்தால் உன்னைப் படகில் கூட்டிப்போய் வாந்தி எடுக்கவைப்பானாம்.

உன் வார்த்தையையும் அவனிடம் சொன்னேன். சிரித்தான். ஆனால் கிளம்புகிறபோது வாசலில் நின்று, "அம்மா, அவன் நெசமாவே அப்படி எழுதினானா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் வருகிறது.

அம்மா


கடலில்,
26 ஜூலை 1942

அன்புள்ள அம்மாவுக்கு,

லெப்டினன்ட் சார் எவ்வளவு வெட்டினாலும் சரி, இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பத்து நாள் முன்பு காதில் ஒன்று கேட்டது. மெத்தென்று இருந்தது, அகலமாக இருந்தது. கேப்டன் என்னவென்று கேட்டார். "மீன் கூட்டம் சார்" என்றேன். நம்பினார். கப்பல்களோடு நகர்ந்துவிட்டோம். அரை மணி நேரத்தில் கடைசி வரிசையில் இருந்த கப்பல் அடிபட்டது. மஞ்சள் புகைபோக்கி இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் அதிலும் பதினொரு பேர் போனார்கள், அம்மா.

நான் கேட்டது மீனாகவே இருந்திருக்கலாம். நீர்மூழ்கி வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கலாம். கேப்டனும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு, "அடுத்த தடவ நல்லாக் கேளு" என்றார். என் படுக்கைக்கு மேலே யாரோ சாக்கட்டியால் ஒரு மீன் வரைந்து வைத்திருக்கிறார்கள். நான் அதை அழிக்கவில்லை. இனிமேல் என் வாயிலிருந்து மீன் என்ற வார்த்தை வராது. சந்தேகம் இருந்தால் நீர்மூழ்கி என்றே சொல்வேன். குண்டு வீணாகப் போனால் போகட்டும்.

லீமனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஒரெஸ்ட்


மார்லோ கோவ்,
16 ஆகஸ்ட் 1942

அன்புள்ள ஒரெஸ்டுக்கு,

உன் கடிதத்தைப் படித்து மனசு கனத்தது. சாப்பிடுகிறாயா? அந்தச் சாக்கட்டி மீனை முதலில் ஈரத்துணியால் துடை. வரைந்தவனைக் கண்டால் காதைத் திருகி அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எப்ரமிடம் படித்துக் காட்டினதுதான் தப்பு. உடனே ஜன்னலைவிட்டு எழுந்து தன் பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்து, "எழுது, நான் சொல்றத அந்தப் பையனுக்கு எழுது, மீன் எங்க நிக்கும் எப்ப மேல வரும்னு" என்று ஆரம்பித்துவிட்டார். "கடற்படைக்காரங்களுக்கு நீங்க பாடம் எடுக்கணுமா? அவங்ககிட்ட மிஷின் இருக்கு. பேசாம சூப்பக் குடிங்க" என்றேன். முறைத்துக்கொண்டு போய்விட்டார். முப்பத்தொரு வருஷ மீன் கதையை எழுத உட்கார்ந்தால் எனக்கு இந்தக் குளிர்காலம் போதாது. எழுதினாலும் உங்கள் லெப்டினன்ட் வெட்டத்தான் போகிறார்.

இந்த வருஷம் நீலப்பெர்ரி நன்றாகக் காய்த்திருக்கிறது. ஜாம் பதினெட்டு ஜாடி ஆனது. ஆறு உங்களுக்கு. முட்டைக்கோஸ் ஊறப்போட்டிருக்கிறேன், அது உங்கள் ஊரிலும் உண்டாமே. உக்ரேனியர் வீட்டில் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை செய்வார்களாமே, அதை எப்படிச் செய்வதென்று உன் அம்மாவிடம் கேட்டு எழுது.

அம்மா


மார்லோ கோவ்,
14 அக்டோபர் 1942

ஒரெஸ்ட்,

நேற்றுத் தந்தி வந்தது. காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது என்று இருக்கிறது. கருதுகிறவர்கள் யார் என்று போடவில்லை.

எந்தக் காவல் கப்பல் கூட இருந்தது என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் இருந்தீர்களா? இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுது. இருந்தீர்கள் என்றால் நீ வந்து தேடியிருப்பாய், எனக்குத் தெரியும். தேடினோம், கிடைக்கவில்லை என்று எழுது. எதுவானாலும் எழுது.

எப்ரம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஹெஸ்டர்


கேப் பிரெட்டன் துறைமுகம்,
25 அக்டோபர் 1942

ஹெஸ்டர் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை லெப்டினன்ட் படிக்கவில்லை. இதைக் கொண்டுவருபவர் பெயர் மர்டாக். லீமனின் கப்பலில் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டவர். ஊருக்குப் போகும் வழியில் உங்களைப் பார்ப்பதாகச் சொன்னார். கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் அவருக்குச் சாப்பாடு போட்டுவிடுங்கள். முடித்த பிறகு உங்களுக்கு அடுப்பு மூட்ட மனம் வராது.

நாங்கள் இருந்தோம், அம்மா.

அக்டோபர் ஒன்பதாம் தேதி. ஐந்து தாதுக் கப்பல்களைக் கூட்டிவந்தோம். மஞ்சள் புகைபோக்கி இரண்டாவதாக வந்தது. சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. மேலே காவல் நிற்பவன் பேச்சுக்குழாயில் ஏதோ உளறிக்கொண்டிருந்தான். வலப்பக்கம் வெள்ளைப் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் குதிக்கின்றன, வேடிக்கையாக இருக்கிறது என்று. வேலையைப் பார் என்று நான்தான் அவனை அடக்கினேன்.

அதற்கப்புறம் டார்பிடோ அடித்தது. நீங்கள் எழுதியது போலத்தான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கேப்டன் கப்பலைத் திருப்பினார். தண்ணீரில் ஆட்கள் இருப்பது மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அவர்கள் பிடித்து ஏறிவர வலையைத் தொங்கவிடத் தயாராகிவிட்டார்கள். ஆனால் நீர்மூழ்கி பக்கத்தில் இருக்கும்போது கப்பலை நிறுத்தினால் நாமும் போவோம். அதனால் நிறுத்துவதற்கு முன்னால் கேப்டன் என்னிடம் கேட்டார்.

எனக்கு ஓர் எதிரொலி கிடைத்திருந்தது. வலப்பக்கம், எண்ணூறு கஜம்.

"என்னது? நீர்மூழ்கியா?"

அம்மா, அது அகலமாக இருந்தது. ஓரம் கலைந்திருந்தது. நீர்மூழ்கியின் எதிரொலி இரும்பில் தட்டியது போல 'டங்'கென்று வரும். இது மெத்தையில் தட்டியது போல இருந்தது. என் காது மீன் என்றது. அந்த நேரத்தில் என் கண் முன்னால் சாக்கட்டி மீன் வந்தது. அந்தப் பதினொரு பேர் வந்தார்கள். நான், "நீர்மூழ்கி, சார்" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம், சார்."

வலையைச் சுருட்டிவிட்டுப் போனோம். ஒரு மணி ஐம்பது நிமிடம். மூன்று தடவை ஆழ்குண்டு போட்டோம். மூன்றாவது தடவைக்குப் பிறகு விளக்கடித்துப் பார்த்தார்கள். கடல் முழுக்க வெள்ளி வெள்ளியாக ஹெர்ரிங் மீன், வயிற்றை மேலே காட்டிக்கொண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் அதுதான்.  கப்பலில் என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

திரும்பி வந்தபோது முப்பத்தெட்டுப் பேரில் ஒன்பது பேர் உயிரோடு இருந்தார்கள். லீமன் இல்லை.

வலையைப் பிடித்து ஏறிவந்த மர்டாக்கின் இடது கையில் உங்கள் கையுறை இருந்தது. வலது கை வெறுங்கை. நான் அதைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் நான் மனிதனே இல்லை. ஒரு மிதவையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் தொங்கினார்கள். விரல் மரத்து ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். லீமன் விடவில்லை. அவன் கை மரக்கவில்லை. ஒன்றைக் கழற்றி மர்டாக்குக்கு மாட்டிவிட்டான். ஒரு மணி நேரத்துக்கும் மேலே அவன் பேசிக்கொண்டே இருந்தானாம். நாங்கள் விலகிப் போவதை அவர்கள் பார்த்தார்கள். எல்லோரும் எங்களைச் சபித்தபோது அவன், "அது எங்க ஊர்க் கப்பல். உள்ள எங்கம்மாவுக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான். வருவான் பாருங்க" என்று சொன்னானாம். கையுறை இல்லாத கைதான் கடைசியில் அவனை விட்டுவிட்டது.

நான் வார்த்தை கொடுத்தேன். பிறகு இப்படிச் செய்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதினேன்.

ஒரெஸ்ட் ஹல்சுக்


மார்லோ கோவ்,
15 நவம்பர் 1942

ஒரெஸ்டுக்கு,

மர்டாக் வந்தார். சாப்பாடு போட்டேன். இரண்டு தட்டுச் சாப்பிட்டார், பிறகு கையுறையை மேஜைமேல் வைத்துவிட்டுக் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். உன் கடிதத்தை நான் இரண்டு தடவை தனியாகப் படித்தேன். மூன்றாவது தடவை எப்ரமுக்குச் சத்தமாகப் படித்தேன். பறவைகள் வந்த இடத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"குதிச்சுச்சா? பறவைங்க குதிச்சுச்சாமா?"

"ஆமா."

"சாயங்காலமா?"

"ஆமா."

எழுந்து வலைக் கொட்டகைக்குப் போய்விட்டார். இருட்டும்வரை வரவில்லை.

எனக்கு உன்மேல் கோபம். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. நீ மீன் என்று சொல்லியிருந்தால் என் பிள்ளை இந்நேரம் இந்த மேஜையில் உட்கார்ந்து, ரொட்டி தீய்ந்துவிட்டது என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பான். உன் காது சரியாகத்தான் கேட்டது. உனக்குப் பயம். பயந்தவன் கையில் என் பிள்ளை சிக்கினான். இரண்டு வாரமாக நான் பாத்திரம் கழுவுகிறபோதும், மாவு பிசைகிறபோதும் உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். சில நேரம் சத்தமாகவே.

போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய்க்கிழமை எப்ரம் தன் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். "ஆகஸ்ட்ல இதத்தான் எழுதச் சொன்னேன்" என்றார்.  அந்தப் பக்கத்தில் இருப்பது இது: அக்டோபர், கேப் பிரெட்டன் கிழக்குக் கடல். ஹெர்ரிங் பகலில் அடியில் கிடக்கும், சூரியன் சாய்ந்தால் மேலே வரும். வெள்ளைப் பறவைகள் குதிக்கிற இடத்தில் கீழே மீன், சந்தேகமே வேண்டாம்.

இந்த நான்கு வரியை நான் ஆகஸ்டில் எழுதியிருக்கலாம். அன்று மேஜையில் பேனா இருந்தது, காகிதம் இருந்தது, சொல்ல ஆளும் இருந்தார். நான் அவரைச் சூப்பைக் குடிக்கச் சொல்லிவிட்டு ஜாம் எத்தனை ஜாடி என்று உனக்கு எழுதினேன். அந்த நான்கு வரி உன்னிடம் இருந்திருந்தால், மேலே நின்றவன் பறவை என்று கத்தியபோது நீ அவனை அடக்கியிருக்கமாட்டாய். இதை நான் உனக்கு எழுதாமல் விடலாம். நீ ஒளிக்கவில்லை, அதனால் நானும் ஒளிக்கவில்லை.

மர்டாக் கையுறையை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் வாங்கவில்லை. அதற்கு ஜோடியாக ஒரு வலது கை பின்னி, வாசலில் இருக்கும் கடல்தண்ணீரிலேயே முக்கி மிதித்து, இரண்டையும் அவருக்கே மாட்டி அனுப்பினேன். அவருக்கு மூன்று குழந்தைகளாம்.

உனக்குக் கையுறை அனுப்பவில்லை. இந்தப் பொட்டலத்தில் இருப்பது எப்ரமின் புத்தகம். அவர் எழுத்து உனக்குப் புரியாது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து வேறொரு நோட்டில் எழுதி அதையும் வைத்திருக்கிறேன். எந்த மாதம், எந்தக் கடல்திட்டு, எந்த நேரம், என்ன பறவை, மீன் மேலே வரும்போது தண்ணீரில் எண்ணெய் படர்ந்தது போல எப்படி வழுவழுப்பு தெரியும், திமிங்கலம் எந்தப் பக்கம் போகும், எல்லாம் இருக்கிறது. உன் காதில் அது எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரியாது. அதை நீ பக்கத்தில் எழுதிக்கொள். மனப்பாடம் செய். மேலே காவல் நிற்கிறவனுக்கும் படித்துக் காட்டு. கேப்டன் சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. கிறிஸ்துமஸ் வாழ்த்து வேண்டாம், லீமன் நினைவு நாளுக்கு ஆறுதல் வேண்டாம், உன் உடம்பு எப்படி என்றும் எனக்குத் தெரியவேண்டாம். மன்னித்தேன் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. பொய் எழுத விருப்பமில்லை.

ஆனால் என்றைக்காவது அதே மாதிரி ஆட்கள் தண்ணீரில் கிடந்து, கேப்டன் உன்னிடம் கேட்டு, நீ மீன் என்று சொல்லி, அது மீனாகவே இருந்தால், அன்றைக்கு எழுது. ஒரு வரி போதும். நான் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஹெஸ்டர் கார்க்கம்


கடலில்,
23 மே 1943

ஹெஸ்டர் அம்மாவுக்கு,

பறவைகள் இருந்தன. மீன் என்றேன். கேப்டன் மறுபடியும் கேட்டார். மீன்தான் என்றேன்.

பதினேழு பேரைத் தூக்கினோம்.

ஒரெஸ்ட்